புழுவுக்கு மாட்டிய மிலிட்டரி ஹீட்டர்

தருமபுரியில் சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்த லாரியின் ஸ்டியரிங்கை ஒரு தடவை தொட்டுப் பார்த்தவர்களிடம் என் தொழிலைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் லாரிக்கு ஹீட்டர் மாட்டுகிறவன். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக் குளிராமல் இருக்க, டீசலை எரித்துச் சூடு கொடுக்கிற பெட்டி. அடுப்படியில் வெந்துகொண்டிருப்பவர்களிடம் கம்பளி விற்க வந்தவனைப் பார்ப்பதுபோல ஊர் என்னைப் பார்த்தது. அதில் ஊரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

ராணுவ ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த புதிதில், எஞ்சின் வேலை கற்றுக்கொள்கிறேன் என்றுதான் கேட்டேன். கேட்டதைக் கொடுத்துவிட்டால் அது ராணுவமே இல்லையே. வடக்கே பனி மலையில் பழைய லாரிகளுக்கு ஹீட்டர் மாட்டுவதும், அடைத்துக்கொண்டதைக் கழற்றிக் கரி சுரண்டுவதுமாக என் சர்வீஸ் முழுக்க ஓடிப்போனது. ஓய்வு பெற்று வந்து பென்னாகரம் ரோட்டில் கடை போட்டேன். பேட்டரி, செல்ப் மோட்டார், டைனமோ. போர்டு எழுதியவரிடம் கடைசி வரியில் 'ஹீட்டர்' என்றும் ஒரு வார்த்தை போடச் சொன்னேன். அத்தனை வருஷம் செய்த வேலை, ஒரு ஓரமாகக் கிடந்துவிட்டுப் போகட்டும் என்ற ஆசைதான். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் தண்ணீர் காய்ச்சும் ராடைக் கொண்டுவந்தார். கல்யாண மண்டபத்துக்காரர் பாய்லரைப் பார்க்க வரச் சொன்னார். என் மச்சினன், "ஏன் மாமா, அப்படியே குடை ரிப்பேர்னும் ஒரு வரி சேத்துடுங்க, நம்மூர்ல மழையும் அப்படித்தான கொட்டுது," என்றான்.

போன கார்த்திகைக் கடைசியில் ஒரு பெண் கடைக்கு வந்தார். நாற்பது வயசு இருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கிரீஸும் ஆசிட்டும் சிந்திக் கிடக்கிற என் கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த முதல் ஆள் அவர்தான்.

"ஹீட்டர்னு போட்டிருக்கீங்களே, அது என்னா ஹீட்டருங்கண்ணா?"

"ராடு இல்லம்மா. பாய்லரும் இல்ல."

"மிலிட்டரி லாரியில டீசல்ல எரியுமே, அதுங்களா?"

உட்கார்ந்திருந்த டயரை விட்டு எழுந்துவிட்டேன். என் மாமனாருக்குக்கூட நான் அவ்வளவு வேகமாக எழுந்து நின்றதில்லை.

அவர் பென்னாகரத்துக்குப் பக்கத்தில் இளம்புழு மையம் நடத்துகிறவர். பட்டுப்புழு முட்டையிலிருந்து பொரிந்ததும் எறும்பு அளவுதான் இருக்கும். அந்த நிலையில் அதைக் காப்பாற்றுவது எல்லா விவசாயியாலும் ஆகாது. அதனால் இவரைப் போன்றவர்கள் இரண்டு தடவை தோல் உரிக்கும்வரை வளர்த்து, தட்டுத் தட்டாக விவசாயிகளிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கு வெயிலும் ஆகாது, குளிரும் ஆகாது. வத்தல்மலையில் சில குடும்பங்கள் இவர் பேச்சை நம்பிச் சாமை விதைத்த நிலத்தில் மல்பெரி நட்டிருந்தன. கார்த்திகைக் குளிரில் மலையேறிய புழு விறைத்துப்போய்விட்டது. ஒரே தட்டில் பாதி தின்கிறது, பாதி தூங்குகிறது. கூடு கட்ட வேண்டிய நேரத்தில் சிலது இன்னும் தழை தேடிக்கொண்டிருக்கிறது.

"இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா செடியப் புடுங்கிட்டு சாமையே வெதச்சுக்கறோம்னு சொல்லிட்டாங்கண்ணா. வூடு வூடா போயி நடச் சொன்னவ நானு. மார்கழில ஒரு பேட்ச் மேல போவணும். அது நல்லபடியா போய்ச் சேரணும். அவ்ளோதான்."

"மத்தியானமா ஏத்திக்கிட்டுப் போனா என்னம்மா?"

"எங்க லாரி பாடி பூராத் தகரங்கண்ணா. மத்தியானம் புழு வெந்துரும், தழை வாடிரும். விடியக் காத்தாலதான் போவணும்."

அந்த லாரி அவர் கணவர் ஏலத்தில் எடுத்தது. ராணுவம் கழித்துக் கட்டிய பழைய ஒயர்லெஸ் வண்டி. ராணுவமே வேண்டாமென்று தள்ளிய பொருளை, ராணுவப் பொருள் என்ற ஒரே காரணத்துக்காகப் போட்டி போட்டு எடுக்கிறவர்கள் எங்கள் ஜில்லாவில் உண்டு. கல் குவாரிக்கு ஓட்டலாம் என்று எடுத்தாராம். பின்பக்கம் தகரத்தால் அடைத்த ஒரு அறை இருக்கிறது, அதில் கல்லை எப்படிக் கொட்டுவது என்பதை ஏலம் முடிந்த பிறகுதான் யோசித்தாராம். அப்புறம் கல்யாண ஊர்வலத்துக்கு விடலாம் என்று யோசித்தார். மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போகிற மாதிரி இருக்கும் என்று யாரோ சொல்லி அதையும் கைவிட்டார். கடைசியில் மனைவிதான் அதற்குள் சட்டம் அடித்துத் தட்டு அடுக்கினார். ஒயர்லெஸ்காரர்கள் உள்ளேயே உட்கார்ந்து தூங்கி வேலை செய்வதற்காக வைத்த ஹீட்டர் ஒரு மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது.

மறுநாள் போய்ப் பார்த்தேன். வண்டிக்குப் பக்கத்தில் கணவர் நின்றுகொண்டிருந்தார். வண்டியை அவரே வடிவமைத்த மாதிரி ஒரு நிற்பு.

"மிலிட்டரி வண்டிங்க. யானை மாதிரி. அசையாது."

"அசைய வைக்கத்தான வாங்கினீங்க," என்றேன்.

அந்த அம்மா என்னை வண்டிக்குள் விடவில்லை. முதலில் கை, கால் கழுவ வேண்டும். பிளீச்சிங் தண்ணீரில் மிதித்துவிட்டு ஏற வேண்டும். பீடி கூடாது. வெற்றிலை புகையிலை கூடாது. தலைக்கு எண்ணெய் வாசனை கூடாது. பக்கத்துத் தோட்டத்தில் பூச்சி மருந்தடித்த துணியோடு வந்தாலும் புழு செத்துவிடுமாம். நியாயம்தான். டீசலில் எரிகிற ஹீட்டரை ரிப்பேர் செய்ய வேண்டும், ஆனால் டீசல் வாசனை வரக்கூடாது. இப்படிப்பட்ட உத்தரவுகளைக் கேட்டுப் பழகியவன்தான் நான்.

ஹீட்டரைக் கழற்றிக் கீழே எடுத்துவந்து, தூரமாக ஒரு புளிய மரத்தடியில் வைத்துப் பிரித்தேன். விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. நடுவில் ஒரு டப்பா, அதற்குள் டீசல் எரிகிறது. எரியத் தேவையான காற்று ஒரு குழாய் வழியாக வண்டிக்கு அடியிலிருந்து வருகிறது. எரிந்த புகை இன்னொரு குழாய் வழியாக வண்டிக்கு அடியிலேயே வெளியே போகிறது. டப்பாவின் மேல்புறத்தைத் தடவிக்கொண்டு போகிற காற்றைத்தான் ஒரு விசிறி அறைக்குள் அனுப்பும். இந்தக் காற்றும் அந்தப் புகையும் சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் மாதிரி, ஒரே வீட்டுக்குள் இருந்தாலும் முகத்தில் முழிக்கக் கூடாது. மொத்த வித்தையும் அதுதான். கரி சுரண்டினேன், விசிறிக்குப் புதுப் பேரிங் போட்டேன், டீசலைப் பற்றவைக்க டிராக்டர் ஹீட்டர் பிளக் ஒன்றை மரை மாற்றி மாட்டினேன், மூடிக்குப் புது கேஸ்கெட் வெட்டினேன்.

திரும்ப மாட்டும்போது இருவரையும் கூப்பிட்டு, வண்டிக்கு அடியில் புகைக்குழாயின் வாயைக் காட்டினேன். "ஹீட்டர் போடறதுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு இதப் பாக்கணும். அடைச்சிருந்தா புகை உள்ள திரும்பும். அதுக்கு நெறமும் தெரியாது, பாதி நேரம் வாசனையும் தெரியாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

எனக்கு அது பாடம் சொல்கிற விஷயமில்லை. வடக்கே ஒரு ஒயர்லெஸ் வண்டியின் கதவை ஒரு காலையில் நான்தான் திறந்தேன். பனி பெய்து குழாய் மூடியிருந்தது. உள்ளே டிரைவர் உட்கார்ந்தபடி இருந்தான். முந்தின நாள் சாயங்காலம் என்னிடம் ஒரு கிளாஸ் டீ வாங்கிக் குடித்தவன். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. உயிர்தான் இல்லை. இதையும் அவர்களிடம் சொன்னேன்.

கணவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "நம்மூர்ல பனிக்கட்டி எங்கீங்க பெய்யுது, கொழாய அடைக்க?" என்றார்.

நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்கு ஹீட்டரைப் போட்டுக் காட்டினேன். சுவிட்சைப் போட்டதுமே எரிந்தது. அந்த அம்மா சூடு அளக்கும் கருவியைப் பார்த்தார், தழை வாடாமலிருக்கத் தொங்கவிட்ட ஈரக் கோணியைத் தொட்டுப் பார்த்தார், சூடான காற்று வருகிற இடத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். "வாசமே இல்லீங்கண்ணா," என்றார். சர்வீஸில் எனக்குக் கொடுத்த மெடலைவிட அந்த வார்த்தை எனக்குப் பெரிதாகப் பட்டது. மெடல் எல்லாருக்கும் கொடுத்ததுதான்.

மார்கழியில் அந்த பேட்ச் தயாரானது. முதல் தடவை மலையேறும்போது நானும் கூட வரவேண்டும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். குளித்துவிட்டு வரவேண்டும், சோப்பு போடக் கூடாது, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வரவேண்டும். வெள்ளை வேட்டியில் லாரி வேலைக்குப் போன மெக்கானிக் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விடிந்தும் விடியாத நேரத்தில் போனேன். தட்டுகள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. போனதும் வண்டிக்கு அடியில் குனியப் போனேன்.

"ஐயோ, குளிச்சிட்டு வந்து அதுக்கடியில படுக்காதீங்கண்ணா. டீசல் வாசம் ஒட்டிக்கும்," என்று அந்த அம்மா தடுத்தார்.

"கொழாயப் பாக்கணும்மா."

"எல்லாம் பாத்தாச்சுங்க. பக்கா," என்றார் கணவர். "நேத்தே வண்டியப் பூரா கிருமி மருந்தடிச்சு சுத்தம் பண்ணிட்டேன்."

பக்கா என்றால் பக்கா. அந்த அம்மா பின்னால் புழுவோடு ஏறிக்கொண்டார். புழுவை அவர் யாரையும் நம்பி விடுவதில்லை, கணவரை நம்பி நிச்சயமாக விடுவதில்லை. கதவை வெளியிலிருந்து தாழ் போட்டோம். பழைய கதவு, உள்தாழ் எப்போதோ உடைந்துபோய் வெளித்தாழ் மட்டும்தான் மிச்சம். நானும் கணவரும் முன்னால் உட்கார்ந்தோம்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பின்னாலிருந்து தகரத்தை ஒரு தட்டு தட்டினால் மெதுவாகப் போ, இரண்டு தட்டு தட்டினால் நிறுத்து. ஆனால் அந்த அம்மா பள்ளத்துக்குத் தட்டினார், வேகத்தடைக்குத் தட்டினார், எதிரே மாடு வந்ததற்கும் தட்டினார். உள்ளே இருந்துகொண்டு மாடு எப்படித் தெரிந்ததோ.

"பாருங்க, இப்படித்தான். ஓட்டுனா தட்டுவா, நிறுத்துனா தட்டுவா. ஹாரன் எனக்கெதுக்குங்க, பின்னாலயே ஒக்காந்திருக்கு," என்றார் கணவர்.

தருமபுரியைத் தாண்டி அடிவாரம் வரைக்கும் ஹீட்டர் தேவைப்படவில்லை. மலை ஏறத் தொடங்கியதும் குளிர் வந்துவிட்டது. உள்ளே அவரே சுவிட்சைப் போட்டார். விசிறி ஓடுகிற சத்தம் முன்னால் எனக்குக் கேட்டது. நான் மாட்டிய ஹீட்டர், வத்தல்மலையில் ஓடுகிறது. மச்சினனை நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மூன்று வளைவு தாண்டியிருப்போம். தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. பிறகு ஒரு வளைவில் சடசடவென்று சேர்ந்தாற்போல் தட்டினார்.

"வளைவுன்னாலே அவளுக்கு அப்படித்தாங்க," என்று கணவர் கியரை மாற்றினார்.

அடுத்த வளைவில் சத்தமில்லை. அதற்கடுத்த வளைவிலும் இல்லை.

"பாத்தீங்களா. அடங்கிட்டா," என்றார் சந்தோஷமாக.

வடக்கே நான் திறந்த அந்தக் கதவு எனக்கு ஞாபகம் வந்தது. "வண்டிய நிறுத்துங்க."

"ஏத்தத்துல நிறுத்துனா மறுபடி எடுக்கறது..."

"நிறுத்துய்யா."

ராணுவத்தை விட்டு வந்தபின் அந்தக் குரலில் நான் யாரிடமும் பேசியதில்லை. நிறுத்தினார். பின்னால் ஓடித் தாழை இழுத்தேன். கதவோடு சேர்ந்து அந்த அம்மாவும் சாய்ந்தார். கதவோரமாகவே உட்கார்ந்திருந்திருக்கிறார். மடியில் ஒரு தட்டு. புடவையெல்லாம் வாந்தி. நாங்கள் இருவருமாகப் பிடித்துக் கீழே இறக்கி, ரோட்டோரச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தோம். குளிர் காற்று முகத்தில் பட்டதும் கண்ணைத் திறந்தார்.

"புழு தலையத் தூக்கித் தூக்கி ஆட்டுதுங்க... தோல் உரிக்கறதுக்குத் தூக்கறது வேற, இது வேற... தட்டுனேனே... புழுவ மொதல்ல எறக்குங்க."

"புழு கெடக்கட்டும் புள்ள," என்றார் கணவர். அவர் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஹீட்டரை நிறுத்திவிட்டு, வெள்ளை வேட்டியோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். புகைக்குழாயின் வாயில் ஈரக் கோணித்துணி திணித்திருந்தது. அதன்மேல் மைதாப் பசை போட்டு இரண்டு மூன்று மடிப்புப் பேப்பர், குழாயைச் சுற்றி நறுவிசாக மடித்து ஒட்டியிருந்தது. ஏதோ நகைக்கடை விளம்பரம். சூட்டில் பாதி கருகி, மீதியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

புழு வளர்க்கிற எல்லா வீட்டிலும் செய்கிற காரியம்தான் அது. புது பேட்ச் வருவதற்கு முன்னால் சன்னல், கதவிடுக்கு, எலிப்பொந்து என்று ஒரு ஓட்டை விடாமல் துணி வைத்து அடைத்து, பேப்பர் ஒட்டி, உள்ளே கிருமி மருந்தடித்து மூடி வைப்பார்கள். லாரியும் இப்போது புழு வீடு. உள்ளே ஒட்டியதையெல்லாம் கணவர் ஞாபகமாகக் கிழித்திருக்கிறார். அடியில் ஒட்டியதை மறந்துவிட்டார். வாழ்க்கையில் எந்த வேலையையும் முழுசாக முடித்திராத மனுஷன், அந்த ஒரு குழாயை மட்டும் அப்படிக் கச்சிதமாக அடைத்திருந்தார்.

பனிக்கட்டி எங்கே பெய்கிறது என்று கேட்டாரே, இதோ பெய்திருக்கிறது என்று அந்தப் பேப்பரைப் பிய்த்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். ராணுவத்தில் கற்ற இந்தி வசவு அத்தனையும் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவர் ரோட்டில் உட்கார்ந்து மனைவியின் காலை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். பேப்பரைப் பார்த்தார்.

"ஓட்டைன்னா அடைக்கணும்லீங்க," என்றார். "நாந்தாங்க ஒட்டுனேன்." அப்புறம் தேய்க்கிற கை நின்றுவிட்டது.

ஒரு வசவும் வெளியே வரவில்லை. எனக்குக் கோபமே இல்லை, பயம்தான். இன்னும் இரண்டு வளைவு போயிருந்தால் நான் இரண்டாவது தடவையாக அந்த மாதிரி ஒரு கதவைத் திறந்திருப்பேன்.

உடனே கீழே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிடலாம் என்றார் கணவர். மேலே போய்ப் புழுவைச் சேர்த்துவிட்டுத்தான் என்றார் அந்த அம்மா. நான் கணவர் பக்கம்தான் பேசினேன். தீர்ப்புச் சொன்னது லாரி. அந்த யானையை அந்த ரோட்டில் திருப்ப முடியாது. திருப்ப வேண்டுமானாலும் மலை உச்சிக்குத்தான் போகவேண்டும். ஏலத்தில் எடுத்த நாளிலிருந்து அது மனைவி பேச்சைக் கேட்டது அன்றைக்குத்தான்.

அவரை முன்னால் சன்னலோரம் உட்கார வைத்தோம். கணவர் சட்டையைக் கழற்றினார், துண்டையும் எடுத்தார், எல்லாவற்றையும் தட்டுகளைச் சுற்றிக் கட்டினார். புகை போகட்டும் என்று பின்கதவைத் திறந்தே வைத்தோம். நான் பின்னால் தட்டுகளோடு உட்காரலாம் என்று காலை வைத்தேன்.

"அண்ணா, கிட்ட போவாதீங்க. டீசல் வாசம்," என்று முன்னாலிருந்து குரல் வந்தது. ஆகவே மலை உச்சி வரை பின்படியில் தொங்கிக்கொண்டு போனேன்.

மேலே நர்ஸம்மா ஒருவர் பார்த்தார். நல்ல காற்று பட்டுவிட்டது, பிழைத்தது அதனால்தான், இருந்தாலும் கீழே போய்க் காட்டுங்கள் என்றார். காட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்த தட்டுகளில் புழு முழுக்கச் செத்துவிட்டது. அந்த அம்மா அதை மறைக்கவில்லை. வந்து நின்ற மலைக்காரர்களிடம் நடந்ததை நடந்தபடியே சொல்லி, செத்த தட்டுகளைத் தனியாக எடுத்து வைத்தார். அதைச் சொல்லும்போதுதான் அழுதார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர், "நீயே சாவக் கெடந்து எடுத்தாந்திருக்க, நாங்க என்னாத்தச் சொல்றது. இருக்கறதக் குடு," என்று தட்டை வாங்கிக்கொண்டார். மீதிப் புழு சீராகத் தின்று, சீராகக் கூடு கட்டியது. மல்பெரி மலையில் இன்னும் நிற்கிறது.

அந்தக் கதவை உள்ளிருந்தும் திறக்கிற மாதிரி ஒரு தாழ் நான் வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் கணவர் ஹீட்டரைப் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுத்து, புகை வருகிற வாயில் உள்ளங்கையைக் காட்டி, கரி படிந்த கையை மனைவியிடம் காண்பிக்கிறார். அந்த அம்மா எட்ட நின்று பார்த்துவிட்டு, "போயிக் கழுவுங்க," என்கிறார். அதன்பிறகுதான் வண்டி கிளம்பும்.

போன மாதம் அந்த அம்மா கடைக்கு வந்தார், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான். ஹீட்டர் நன்றாக ஓடுகிறது, புகார் அதைப் பற்றி இல்லை என்றார்.

"இவரோட பெரிய ரோதனையாப் போச்சுங்கண்ணா. மலையில ரெண்டு வளைவு நான் தட்டலன்னா வண்டிய நிறுத்திட்டு, எறங்கி வந்து கதவத் தொறந்து என் மூஞ்சியப் பாக்கறாரு. தொறக்கறப்பல்லாம் குளுரு உள்ள வருது. நீங்கதான் ஒரு வார்த்த சொல்லணும்."

வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தவரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, "தட்டிக்கிட்டே வரச் சொல்லுங்க. சத்தம் கேட்டாத்தாங்க என்னால ஓட்ட முடியுது," என்றார்.